புல்லுருவியைப் படிக்கும் அரசு வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மத்திய அரசுப் பணியில் தாவரவியலாளராக முப்பது வருஷம் இருந்துவிட்டு, காவேரிப்பட்டணம் பக்கத்தில் அப்பா வைத்த மாந்தோப்புக்கே திரும்பி வந்திருக்கிறேன். பணிக்காலத்தில் பெரும்பகுதி ஒட்டுண்ணித் தாவரங்களோடு கழிந்தது. மரத்தின் மேல் வளரும் புல்லுருவி, வேலியில் படரும் கொத்தான், மண்ணுக்கடியில் அடுத்த மரத்தின் வேரைப் பிடித்துக்கொள்ளும் சந்தனம் எல்லாம் அதில் சேரும். கிருஷ்ணகிரி, தருமபுரி கல்லூரிப் பிள்ளைகளும், தேர்வுக்குப் படிப்பவர்களும், மாந்தோப்புக்காரர்களும் மாறி மாறிக் கேட்பவற்றுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன்.

இப்படி ஒரு வேலை உண்மையிலேயே இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் 'ஒட்டுண்ணித் தாவர நிபுணர்' என்று எந்த அறிவிப்பிலும் பதவி வராது. தாவரவியலாளர், விஞ்ஞானி, ஆராய்ச்சி உதவியாளர் என்ற பெயர்களில் சேர்வோம். எந்தத் தாவரக் குடும்பத்தைக் கையில் எடுக்கிறோம் என்பது சேர்ந்த பிறகு, அங்கே இருக்கும் தேவையையும் நம் ஆர்வத்தையும் பொறுத்து அமைவது.

நம் பகுதிக்காரர்கள் மூன்று இடங்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, இந்தியத் தாவரவியல் ஆய்வகம். 1890-ல் தொடங்கியது, தலைமையகம் கொல்கத்தா. தென்மண்டல மையம் 1955 முதல் கோவையில், லாலி ரோட்டில் வேளாண் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கிறது. மெட்ராஸ் ஹெர்பேரியம் என்ற பழைய உலர்தாவரத் தொகுப்பு அங்கேதான். இரண்டாவது, கோவையிலேயே உள்ள வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனம். மூன்றாவது, பெங்களூரில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம். சந்தனத்தைப் படிக்க வேண்டும் என்றால் இதுதான் முக்கியமான இடம், ஓசூரிலிருந்து கூப்பிடு தூரம்.

உங்களுக்கு எப்படி இதில் ஈடுபாடு வந்தது?

ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போய் வந்தது. கோடையில் பச்சைத் தழை கிடைக்காத நாளில் மாமரத்துப் புல்லுருவியைத் தொரட்டியால் இழுத்துப் போட்டால் ஆடு ஆசையாகத் தின்னும். அப்பாவுக்கு அது போதாது. "தழையை மட்டும் ஒடிச்சிட்டு வராதடா, வாதோட வெட்டு" என்பார். ஒரு நாள் அப்படி வெட்டிய வாதைக் குறுக்கே பிளந்து பார்த்தேன். மாங்கட்டைக்குள் புல்லுருவியின் கட்டை ஆப்பு மாதிரி இறங்கியிருந்தது. எது மாமரம், எது புல்லுருவி என்று விரல் நகத்தால் கோடு போடப் பார்த்தேன். நிறம் மட்டும் லேசாக மாறியது, இழை அப்படியே ஒட்டி ஓடியது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அந்தத் துண்டை வெகு நாள் வைத்திருந்தேன்.

அப்புறம் எம்.எஸ்ஸி. படிக்கும்போது முதல் முறையாகப் புல்லுருவி ஒன்றைப் பாடம் செய்து ஹெர்பேரியத்துக்குக் கொண்டு போனேன். அங்கிருந்த மூத்தவர் செடி வைத்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "எதன் மேல் இருந்துச்சு தம்பி?" நான் எழுதியிருக்கவில்லை. ஊர், தேதி, பூவின் நிறம் எல்லாம் எழுதியிருந்தேன், எந்த மரம் என்று எழுதவில்லை. திரும்ப பஸ் ஏறிப் போய்ப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தேன். இந்த வேலையை ஒரே கேள்வியாகச் சுருக்கினால் அதுதான். ஒட்டுண்ணியைப் படிப்பவர் எப்போதும் இரண்டு செடியைச் சேர்த்தே பார்க்க வேண்டும்.

புல்லுருவி மரத்துக்கு என்னதான் செய்கிறது?

நம் தோப்பிலும் காட்டிலும் அதிகம் தென்படுவது டென்ட்ரோப்தி ஃபல்காட்டா. பழைய புத்தகங்களில் லோராந்தஸ் என்று இருக்கும். முந்நூறுக்கும் மேற்பட்ட மர, செடி வகைகளின் மேல் இதைக் கண்டு பதிவு செய்திருக்கிறார்கள். இலையில் பச்சையம் இருப்பதால் தன் உணவைத் தானே தயாரித்துக்கொள்ளும். தண்ணீரும் உப்புச்சத்தும்தான் மரத்திலிருந்து வர வேண்டும். அதனால் இதைப் பகுதி ஒட்டுண்ணி என்கிறோம். பாடப் புத்தகத்தில் ஹாஸ்டோரியம் என்று வரும் உறிஞ்சுவேரை மரத்தின் நீர்க்குழாய்களோடு சேர்த்துக்கொள்கிறது. மரம் வெயிலில் இலைத்துளைகளை மூடித் தண்ணீரைச் சிக்கனம் பிடிக்கும் நேரத்திலும் புல்லுருவி தண்ணீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கும். அதனால்தான் அது பிடித்த இடத்துக்கு அப்பால் உள்ள வாது நுனி முதலில் காய்கிறது.

பரவும் விதத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். பூங்கொத்தி என்று ஒரு குருவி, கட்டை விரல் அளவுதான் இருக்கும், இந்தியாவின் மிகச் சிறிய பறவைகளில் ஒன்று. புல்லுருவிப் பழத்தை விழுங்கினால் சற்று நேரத்தில் விதை வெளியே வந்துவிடும். விதையைச் சுற்றிப் பசை இருப்பதால் கீழே விழாது, குருவியின் பின்புறத்திலேயே ஒட்டிக்கொள்ளும். குருவி கிளையின் மேல் உட்கார்ந்து உடம்பைத் தேய்த்து அதைக் கழற்றிவிடும். விதை இறங்க வேண்டிய இடமும் அதே கிளைதான். புல்லுருவிக்குக் குருவிச்சை என்று இன்னொரு பெயர் தமிழில் இருப்பது இதைப் பார்த்துத்தான் வந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். விதை முளைக்கும்போது பச்சையாக ஒரு சிறு தண்டு வளைந்து பட்டையைத் தொடும். தொட்ட நுனி வட்டமாகத் தட்டையாகும். லென்ஸில் பார்த்தால் ஒரு சின்னப் பாதம் பட்டையில் ஊன்றி நிற்பது போலவே இருக்கும்.

தமிழ்நாட்டில் இந்த ஆராய்ச்சியைத் தொடங்கியது யார்?

இந்தக் கேள்வி வந்தால் நான் சுருக்கமாகப் பேச மாட்டேன். சார்லஸ் ஆல்ஃபிரட் பார்பர். 1898-ல் மெட்ராஸ் மாகாணத்தின் அரசுத் தாவரவியலாளராக வந்தவர். 'அரசுத் தாவரவியலாளர்' என்பது அப்போது பதவியின் பெயரே. சந்தனம் வேறு மரங்களின் வேரைப் பிடித்து வாழ்கிறது என்று ஜான் ஸ்காட் 1871-லேயே எழுதியிருந்தார். ஆனால் அந்தப் பிடி எப்படி உருவாகிறது, அடுத்த வேருக்குள் எப்படி நுழைகிறது, முதிர்ந்த பிறகு உள்ளே என்ன அமைப்பு இருக்கிறது என்பதைப் படிப்படியாக வெட்டி, வரைந்து, வெளியிட்டவர் பார்பர். சந்தனத்தைப் பற்றி 1906-லும் 1907-லும் இரண்டு பகுதிகள் வந்தன. பிறகு வேர் ஒட்டுண்ணிகளான வேறு இரண்டு கொடிகளையும் அதே முறையில் படித்தார்.

அந்தக் கட்டுரைகளில் உள்ள படங்களை ஒரு முறையாவது பாருங்கள். சந்தன வேரின் நுனியில் சின்ன மணி மாதிரி ஒரு வீக்கம், அது அடுத்த வேரை இரண்டு உதடால் கவ்வுவது போல மூடிக்கொள்வது, நடுவிலிருந்து ஒரு நாக்கு உள்ளே இறங்குவது எல்லாம் கையால் வரைந்தவை. நூறு வருஷம் கழித்து மைக்ரோஸ்கோப்பில் நான் பார்த்ததும் அதேதான், ஒரு கோடு கூட மாறவில்லை.

அதே பார்பர்தான் 1912-ல் கோவைக் கரும்பு இனப்பெருக்க நிலையத்தின் முதல் நிபுணர். நாட்டுக் கரும்பையும் காட்டு நாணலையும் கலந்து கோ 205 என்ற ரகத்தை உருவாக்கியவர். ஒட்டுண்ணி வேரைப் படித்தவர் கரும்புக்குப் போனதை ஆச்சரியமாகச் சொல்வார்கள். அரசு வேலையில் அப்படித்தான் நடக்கும். எங்கே தேவையோ அங்கே போடுவார்கள். கத்தியைப் பிடித்து மெல்லிசாகச் சீவிப் பார்க்கும் கை மட்டும் கூடவே வரும்.

நம் மாவட்டங்களில் இதற்கு வேலை இருக்கிறதா, இல்லை மேற்குத் தொடர்ச்சி மலைக்குத்தான் போக வேண்டுமா?

இங்கேயே ஏராளம் இருக்கிறது. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ஜவளகிரி, உரிகம் என்று விரியும் மேலகிரி மலைகள், ஒகேனக்கல் காடு, அரூர் பக்கம் சித்தேரி மலை, இதெல்லாம் இலையுதிர் காடும் முட்காடும் கலந்தவை. காவேரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் 2014-லும் காவேரி தெற்கு சரணாலயம் 2022-லும் அறிவிக்கப்பட்டன. மார்ச், ஏப்ரலில் வெக்காலி மரங்கள் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும்போது புல்லுருவி மட்டும் பச்சைப் பந்து பந்தாகத் தொங்கும். பைனாகுலர் கூட வேண்டாம், நடந்துகொண்டே எண்ணலாம். பச்சைக் காட்டில் இந்த வசதி கிடைக்காது.

சந்தனத்துக்கு இந்த மண் பழைய இடம். 1899-ல் குடகில் முதலில் கவனிக்கப்பட்ட ஸ்பைக் நோய் பிறகு இந்தப் பக்கக் காடுகளையும் தாக்கியது. நோய் வந்த மரத்தில் இலைகள் சிறுத்து, விறைத்து, கொத்துக் கொத்தாக நிற்கும், பிறகு மரமே போய்விடும். எந்தப் பூச்சி இதைப் பரப்புகிறது என்று தேட, 1930-களில் டேராடூன் வன ஆராய்ச்சிக்காரர்கள் பூச்சி பிடித்த இடங்களில் ஒன்று நம் அய்யூர். அப்போது அது 'வட சேலம்' வனக் கோட்டம். வெகு காலம் வைரஸ் என்றே நினைத்த நோய்க்கு, பாக்டீரியா வகையைச் சேர்ந்த செல்சுவர் இல்லாத ஒரு நுண்ணுயிர் காரணம் என்பதற்கு 1969-ல்தான் தடயம் கிடைத்தது.

இந்த இடத்தில் ஹெர்பேரியம் தாளைப் படிக்க ஒரு குறிப்பு. தேன்கனிக்கோட்டையில் எடுத்த செடிக்கு 1965-க்கு முன் 'சேலம் மாவட்டம்' என்று இருக்கும், 1965-லிருந்து 'தருமபுரி', 2004-க்குப் பிறகு 'கிருஷ்ணகிரி'. மூன்றும் ஒரே காடு. மாவட்டப் பெயரை வைத்துத் தேடினால் பாதித் தாள்கள் கண்ணில் படாமலே போய்விடும்.

என்ன படிக்க வேண்டும்? எந்தத் தேர்வு எழுத வேண்டும்?

பி.எஸ்ஸி. தாவரவியல், பிறகு எம்.எஸ்ஸி. தாவரவியல் நேர் வழி. மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் வனவியல் படித்தும் வரலாம். ஊரிலேயே அரசு கலைக் கல்லூரியில் படித்தவர்கள் கோவையில் நல்ல நிலையில் இருக்கிறார்கள், அதில் தயக்கம் வேண்டாம்.

தாவரவியல் ஆய்வகத்தில் 'தாவரவியலாளர்' என்ற குரூப் ஏ பதவிக்கு யுபிஎஸ்சி அறிவிப்பு வெளியிடும். எல்லா வருஷமும் வராது, சில இடங்களே வரும். வன ஆராய்ச்சி நிறுவனங்களில் விஞ்ஞானி-பி பதவிக்கு இந்திய வன ஆராய்ச்சி கல்விக் குழுமம் தனியாகத் தேர்வு நடத்தும். வனத்துறை நிர்வாகம்தான் வேண்டும் என்றால் யுபிஎஸ்சியின் இந்திய வனப் பணித் தேர்வில் தாவரவியலை விருப்பப் பாடமாக எடுக்கலாம். மாநில அளவில் உதவி வனப் பாதுகாவலர், வனத்தொழில் பழகுநர் பதவிகளுக்கு டிஎன்பிஎஸ்சி இருக்கிறது. ஆனால் அந்தப் பணிகளில் ஆராய்ச்சிக்கு நேரம் கிடைப்பது அரிது. இதைத் தெரிந்துகொண்டே போங்கள்.

நான் சொல்லும் வழி இது. எம்.எஸ்ஸி. இரண்டாம் வருஷத்திலேயே சிஎஸ்ஐஆர் நெட் உயிர் அறிவியல் தாளை எழுதுங்கள். அதில் ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. வீட்டில் காசு கேட்காமல் முனைவர் பட்டத்துக்குச் சேரலாம். அந்த ஐந்து வருஷத்தில் செடியை அடையாளம் காணும் கண் வந்துவிடும். அதன் பிறகு எந்த அறிவிப்பு வந்தாலும் நேர்முகத்தில் உங்கள் முன் வைக்கும் ஹெர்பேரியம் தாளில் உள்ள செடிக்குப் பெயர் சொல்ல முடியும். அது வராமல் பொது அறிவை மட்டும் படித்துக்கொண்டு காத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சம்பளம்?

விஞ்ஞானி-பி, தாவரவியலாளர் பதவிகள் ஏழாவது ஊதியக் குழுவின் 10-ஆம் நிலை. அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாயில் தொடங்கும், படிகள் தனி. குடும்பம் நடத்தத் தாராளமாகப் போதும்.

களத்தில் ஒரு நாள் எப்படிப் போகும்?

விடிவதற்கு முன் வனத்துறை முகாமில் இருப்போம். கூட ஒரு வேட்டைத் தடுப்புக் காவலரும், மரம் ஏறத் தெரிந்த ஒருவரும் வருவார்கள். கையில் லென்ஸ், தொரட்டி, கத்தரி, ஜிபிஎஸ், பழைய தினத்தந்தி ஒரு கட்டு. புல்லுருவி தெரிந்ததும் முதலில் தாங்கும் மரத்தின் பெயர், அப்புறம் தரையிலிருந்து உயரம், பூ அல்லது காய் இருக்கிறதா, எந்தப் பறவை வந்தது என்று எழுதுவோம். பூவின் நிறத்தை அங்கேயே எழுத வேண்டும், காய்ந்தால் எல்லாம் கறுப்புதான்.

ஒரு கைப்பழக்கத்தைச் சொல்லித் தருகிறேன், இது புத்தகத்தில் சுலபமாகக் கிடைக்காது. புல்லுருவிக் கிளையை அப்படியே தாளுக்கு நடுவில் வைத்து அழுத்தினால், மூன்றாம் நாள் திறக்கும்போது இலை எல்லாம் உதிர்ந்து கீழே கிடக்கும். இலையில்லாமல் கணுக் கணுவாக வளரும் விஸ்கம் என்ற புல்லுருவி வகை இன்னும் மோசம், கணுவுக்குக் கணு கழன்று விழும். வெட்டிய பிறகும் செடி உயிரோடு இருந்து, தானே இலையை உதிர்ப்பதால் இது நடக்கிறது. அதனால் முதலில் கொதிக்கும் தண்ணீரில் ஒரு நிமிஷம் முக்கி எடுப்போம். முகாமில் டீ போடும் அடுப்பிலேயே செய்துவிடலாம். ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, தினமும் காகிதம் மாற்றினால் இலை தண்டிலேயே நிற்கும். கடைசியில் 42-க்கு 28 சென்டிமீட்டர் அட்டையில் தைத்து, தாங்கும் மரத்தின் ஒரு சிறு மிலாறையும் கூடவே வைப்பேன். மரத்தின் பெயரை நான் தவறாக எழுதியிருந்தாலும், பின்னால் வருபவர் அந்த மிலாறைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.

காட்டில் பயம் இல்லையா?

யானைக்குப் பயப்படத்தான் வேண்டும். மேலே கிளையையே பார்த்துக்கொண்டு நடப்பவருக்கு எதிரே வருவது தெரியாது. ஜவளகிரி பக்கம் ஒரு முறை காவலர் என் தோளைப் பிடித்து அப்படியே உட்கார வைத்தார். முப்பது அடியில் யானை நின்றிருந்தது, எனக்குக் கடைசி வரை தெரியவில்லை. அவர் பேச்சை மறுக்காமல் கேட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

பெண்கள் இந்த வேலைக்கு வரலாமா?

தாராளமாக வாருங்கள். 1950-களின் தொடக்கத்தில் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்க அரசு அழைத்தது ஜானகி அம்மாளைத்தான். 1930-களில் அவர் வேலை பார்த்தது பார்பர் தொடங்கிய அதே கோவைக் கரும்பு நிலையத்தில். புல்லுருவியிலேயே வேண்டுமா, பிரியா தவிதார் இருக்கிறார். நீலகிரியில் பூங்கொத்திக்கும் புல்லுருவிக்கும் உள்ள உறவைப் படித்து, சில வகைகளில் பூவும் பழமும் ஒன்று போலவே இருப்பதை 1983-ல் எழுதினார். பழத்துக்காக வரும் குருவியே பூவையும் தொட்டு மகரந்தம் சேர்த்துவிடுகிறது.

எங்கள் மாந்தோப்பில் புல்லுருவி ஏறிவிட்டது. என்ன செய்வது?

முதலில் மரத்துக்கு எவ்வளவு என்று அளந்துகொள்ளுங்கள். அமெரிக்க வனத்துறையில் ஃப்ராங்க் ஹாக்ஸ்வொர்த் என்பவர் பைன் மரங்களின் குட்டைப் புல்லுருவிகளைப் படிப்பதிலேயே பணிக்காலம் முழுவதையும் கழித்தவர். 1977-ல் அவர் விளக்கி எழுதிய ஒரு எளிய கணக்கு உண்டு. நான் அதை மாமரத்துக்கும் பயன்படுத்துகிறேன். மரத்தின் தலையை மேல், நடு, கீழ் என்று மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். ஒரு பகுதியில் புல்லுருவி இல்லை என்றால் 0, பாதி வாதுகள் வரை இருந்தால் 1, பாதிக்கு மேல் என்றால் 2. மூன்றையும் கூட்டுங்கள். மொத்தம் 1, 2 என்றால் இந்த வருஷமே சுத்தம் செய்துவிடலாம். 3, 4 என்றால் இரண்டு மூன்று வருஷமாகப் பிரித்து வெட்டுங்கள், ஒரே முறையில் மொட்டையடித்தால் காப்பு போய்விடும். 5, 6 வந்த மரத்துக்குச் செலவழிப்பதை விட அங்கே புதுக் கன்று வைப்பது நல்லது. இந்த முடிவுகள் என் அனுபவத்தில் வைத்தவை, அவர் சொன்னது கணக்கு மட்டும்.

வெட்டும்போது அப்பா சொன்னதுதான் சரி. தழையை ஒடித்தால் ஒரு மழையில் திரும்பத் துளிர்க்கும். டென்ட்ரோப்தி பட்டையின் மேலேயே வேர் ஓட்டி, அங்கங்கே புதிதாக ஊன்றும். அந்த வேர் ஓடிய தூரத்தையும் தாண்டி, ஒரு அடி உள்ளே தள்ளி வாதையே எடுக்க வேண்டும். பழம் பழுப்பதற்கு முன் செய்யுங்கள். பழுத்துவிட்டால் குருவி முந்திக்கொள்ளும். பக்கத்துத் தோப்புக்காரரும் சேர்ந்து வெட்டாவிட்டால் மூன்றாம் வருஷம் திரும்ப வந்து நிற்கும். குத்தகைக்கு விட்ட தோப்புகளில்தான் இது அதிகம். ஒரு பருவத்துக்கு எடுப்பவர் வாது வெட்டிச் செலவு செய்ய மாட்டார், குத்தகை பேசும்போதே இதையும் பேசிவிடுங்கள்.

அப்படியானால் காட்டிலும் எல்லாவற்றையும் வெட்டிவிடலாமே?

வேண்டவே வேண்டாம். தோப்பு வேறு, காடு வேறு. ஆஸ்திரேலியாவில் டேவிட் வாட்சனும் அவர் கூட்டாளியும் சில காட்டுத் துண்டுகளில் புல்லுருவியை முழுதாக எடுத்துவிட்டு மூன்று வருஷம் கழித்துப் பறவைகளை எண்ணினார்கள். 2012-ல் வந்த முடிவின்படி, பறவை வகைகள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டன. பழம் தின்னும் பறவை மட்டும் குறையவில்லை, தரையில் பூச்சி பொறுக்கும் பறவையும் குறைந்தது. புல்லுருவி இலை சத்தோடு உதிர்கிறது, கீழே மண் வளமாகிறது, பூச்சி பெருகுகிறது. அந்தச் சங்கிலி அறுந்துபோகிறது.

நமக்கு நெருக்கமான உதாரணம் கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலை. அங்கே நெல்லி மரங்களில் புல்லுருவி பெருகிக் காய் குறைந்தது. வனத்தில் தீ வைப்பதைத் தடுத்த பிறகுதான் புல்லுருவி கூடியது என்று அங்குள்ள சோளகர் பழங்குடியினர் சொன்னார்கள். தரையோடு ஓடும் சிறு தீ இளம் புல்லுருவியைக் கருக்கிவிடும் என்பது அவர்கள் கணக்கு. ஆராய்ச்சியாளர்கள் அதை ஒதுக்கிவிடாமல் எடுத்துச் சோதித்தார்கள். காட்டில் இருப்பவர் சொல்வதை முதலில் எழுதிக்கொள்ள வேண்டும் என்று நான் பிள்ளைகளிடம் சொல்வது இதனால்தான். அதற்காகத் தீ வைக்கச் சொல்லவில்லை, காட்டில் தீ வைப்பது குற்றம்.

புளியமரத்துப் புல்லுருவி, வன்னிமரத்துப் புல்லுருவி என்று மருந்துக்குக் கேட்கிறார்களே, சாப்பிடலாமா?

மாந்திரீகத்துக்கும் கேட்டு வருவார்கள், அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் பெயர் வைத்திருக்கும் முறையைப் பாருங்கள். எந்த மரத்துப் புல்லுருவி என்று சொல்லாமல் நம் மக்கள் பேசுவதே இல்லை. படித்த நாங்கள் தாளில் எழுத மறந்ததை அவர்கள் பெயரிலேயே வைத்திருக்கிறார்கள்.

அது உயிரையே காக்கும் பழக்கமும் கூட. தாங்கும் மரத்தின் சாறு புல்லுருவிக்குள் போகிறது. அரளி மேல் வளர்ந்த டென்ட்ரோப்தியில் அரளியின் இதயத்தைத் தாக்கும் நஞ்சைக் கண்டிருக்கிறார்கள். எட்டி மரத்தின் மேல் வளர்ந்தவற்றில் எட்டியின் நஞ்சு இருந்திருக்கிறது. கடையில் காய்ந்த தழையாக வாங்கினால் எந்த மரத்தினுடையது என்று யாராலும் சொல்ல முடியாது. நீங்களாக அரைத்துக் குடிக்காதீர்கள்.

அம்மையார் கூந்தலும் கொத்தானும் ஒன்றுதானா?

இல்லை. பார்க்க இரண்டும் இலையில்லாத நூல்தான். மஞ்சளாகத் தங்கக் கம்பி போல் இருந்தால் அம்மையார் கூந்தல், இது சர்க்கரைவள்ளிக்கிழங்கின் குடும்பம். பச்சை கலந்து, சற்று முரடாக இருந்தால் கொத்தான், இது இலவங்கப்பட்டையின் குடும்பம். பூ கிடைத்தால் சந்தேகமே வராது. அம்மையார் கூந்தலில் இதழ் ஐந்து ஐந்தாக, கொத்தானில் மூன்று மூன்றாக இருக்கும்.

சொந்த நிலத்தில் சந்தனம் வைத்தேன், காய்கிறது. ஏன்?

பெரும்பாலும் அது பட்டினியில் இருக்கிறது. களை என்று சுற்றியுள்ள எல்லாச் செடியையும் பிடுங்கிச் சுத்தமாக வைத்திருப்பீர்கள். சந்தனத்துக்கு வேர் பிடிக்கத் துணை வேண்டும். நாற்றுப் பையிலேயே ஒரு துவரைச் செடியோ பொன்னாங்கண்ணியோ கூட இருந்தால் நல்லது. நிலத்தில் நட்ட பிறகு அகத்தி, சவுக்கு, புங்கன் போன்றவற்றைப் பக்கத்தில் வையுங்கள். நர்சரியில் வாங்கும்போது "துணைச்செடி எது?" என்று கேளுங்கள், பதில் வராவிட்டால் வேறு நர்சரிக்குப் போங்கள். வளர்க்க யாரும் தடுக்க மாட்டார்கள், வெட்டுவதற்கு மட்டும் வனத்துறை அனுமதி கட்டாயம்.

பணியில் மனம் நொந்த சம்பவம் உண்டா?

ஒன்று மறக்கவே மறக்காது. ஒரு வகைப் புல்லுருவியை நாலு வருஷமாகப் பூவுக்காகத் தேடிக்கொண்டிருந்தேன். பூக்கும் மாதம் தெரிந்து, அனுமதிக்கு மூன்று மாதம் முன்பே எழுதினேன். கடிதம் ஒரு அலுவலகத்தில் மேசைக்கு மேசை நகர்ந்து, கையெழுத்தாகி வரும்போது பூ முடிந்து காயும் விழுந்திருந்தது. அடுத்த பருவத்துக்கு முன் அந்த மரமே காற்றில் சாய்ந்துவிட்டது. இன்னொரு இடத்தில் கூரை ஒழுகி, முன்னோர்கள் சேகரித்த இரண்டு கட்டுத் தாள்கள் பூஞ்சணம் பிடித்துப் போயின. அவற்றை எடுத்து ஒவ்வொன்றாக வெயில் படாமல் உலர்த்தினோம். பாதிதான் மிஞ்சின. இந்த வேலைக்கு வருபவர் கடிதத்தை ஒரு பருவம் முன்கூட்டியே எழுதிப் பழகுங்கள், மழைக்காலத்துக்கு முன் அலமாரி வைத்திருக்கும் அறையின் கூரையை நீங்களே போய்ப் பாருங்கள்.

அனுமதி இல்லாமல் காட்டில் செடி எடுக்கலாமா?

கூடாது. காப்புக்காட்டில் ஒரு இலை பறிக்கவும் வனத்துறையிடம் எழுத்தில் அனுமதி வேண்டும். கற்றுக்கொள்ளத் தோப்பும் சாலையோர மரமும் போதும்.

இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?

எங்கள் தோப்பைச் சுற்றி நாலு கிலோமீட்டரில் உள்ள சாலையோரப் புளியமரங்களுக்கு எண் போட்டு வைத்திருக்கிறேன். மொத்தம் 118. மாதம் ஒரு முறை நடந்து, ஒவ்வொன்றிலும் எத்தனை புல்லுருவி, பூவா காயா, குருவி வந்ததா என்று எழுதுகிறேன். பக்கத்து வீட்டுப் பெண், பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம் படிக்கிறாள், போன மாதத்திலிருந்து கூட வருகிறாள். நேற்று அவளாகவே ஒரு புதுத் துளிரைக் கண்டுபிடித்து வந்து காட்டினாள். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "எழுபத்தி ரெண்டாம் நம்பர் புளி மேல, தாத்தா" என்றாள்.